யாருடையது என்பதற்கு முன்பு

இலங்கைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டையும் தாண்டி, இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் அஃபனாசி நிகிதின் என்றொரு மலை கிடக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்துபோன ருஷ்ய வணிகர் ஒருவரின் பெயர் அது. மலையின் நீளம் சுமார் 400 கிலோமீட்டர், அகலம் 150. ஏறத்தாழ 4,800 மீட்டர் ஆழத்திலுள்ள கடல்தரையிலிருந்து எழும்பி, நீர்மட்டத்துக்குச் சுமார் 1,200 மீட்டர் கீழே நின்றுவிடுகிறது. அடியிலிருந்து அளந்தால் தொட்டபெட்டாவைவிட உயரம். டைனோசர்கள் திரிந்த காலத்தில் எரிமலையாகப் பொங்கி உருவானது.

2024 ஜனவரியில், இந்த மலையின் கனிமங்களை ஆராய உரிமை கேட்டு, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் இந்தியா விண்ணப்பித்தது. அந்தப் பகுதி தன் கண்டத்திட்டின் நீட்சிக்குள் அடங்கும் என்று இலங்கை 2009-லேயே ஐ.நா.வில் கோரிக்கை வைத்திருந்தது. இந்தியா விண்ணப்பித்ததிலிருந்து இரு பக்கமும் பேசப்படுவது மலை யாருக்கு என்பதுதான். யாருடையதாக இருந்தாலும் அதைச் சுரண்டி எடுப்பது தகுமா என்ற கேள்வி அதற்கு முன்னால் வரவேண்டியது. வரவில்லை.

எடுக்கப்போவது எது என்று தெரிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். இத்தகைய மலைச்சரிவுகளில், கடல்நீரில் கரைந்திருக்கும் இரும்பும் மாங்கனீசும் கோபால்ட்டும் மெல்ல மெல்லப் பாறைமேல் படிந்து கரும்பொருக்காக இறுகுகின்றன. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் அது வளர்கிறது. விரற்கடை கனம் சேர மனித இனத்தின் முழு வரலாறும் போதாது. வண்டல் மூடினால் பொருக்கு வளராது. ஆகவே நீரோட்டம் இடைவிடாமல் கழுவிக்கொண்டிருக்கும் வெற்றுப்பாறை வேண்டும். பவளங்களும் கடற்பஞ்சுகளும் தேடுவதும் அதே பாறையைத்தான். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம், இரையைக் கொண்டுவந்து சேர்க்க ஓயாத நீரோட்டம். சூரிய ஒளி எட்டாத ஆழத்தில் இவை இரண்டும் கிடைக்கும் இடங்கள் குறைவு. ஆக, உலோகமும் உயிரும் ஒரே தோலில் இருக்கின்றன. ஒன்றை விட்டுவைத்து மற்றதை எடுக்க வழியில்லை. ஆழ்கடல் சமவெளியில் உதிரியாகக் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளை அள்ளுவதுபோல் இதை அள்ளவும் முடியாது. சட்டியில் பிடித்த காந்தலைப் போல இது பாறையோடு ஒட்டியிருக்கிறது, சுரண்டத்தான் வேண்டும்.

எடுக்கலாம் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டப்படும் குழிகளில் சிறுவர்களும் வேலை செய்கிறார்கள். குழி சரிந்து உயிர்கள் போகின்றன. பெட்ரோலை விட்டு மின்வாகனத்துக்கு மாறவேண்டிய நெருக்கடியும் உண்மை. யாரும் பார்த்திராத பவளமா, காங்கோவின் குழந்தையா என்று கேட்டால் குழந்தைதான் என்பதில் தயங்க எதுவுமில்லை.

ஆனால் அந்தத் தெரிவு உண்மையில் யார் முன்னாலும் வைக்கப்படவில்லை. கடலிலிருந்து ஒரு டன் வந்தால் காங்கோவில் ஒரு குழியை மூடிவிடுவோம் என்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை. கோபால்ட் மலிந்தால் தோண்டுகிறவரின் கூலி குறையலாம், தோண்டுவது நிற்க வேண்டிய அவசியமில்லை. கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்போதே ஓடுகின்றன. ஏழையின் துயரத்தை முன்னால் நிறுத்தி, அவருக்கு எதையும் தராத தொழிலுக்கு அனுமதி கேட்பது நேர்மையான வாதம் ஆகாது.

கடல்மலைகளில் மனிதர் கைவைத்த வரலாறு ஏற்கெனவே உண்டு. 1967-இல் வடபசிபிக்கின் எம்பரர் மலைத்தொடரில் மீன்கூட்டங்களைக் கண்ட சோவியத் இழுவைப் படகுகளும், பின்னால் வந்த ஜப்பானியப் படகுகளும், பத்தே ஆண்டுகளில் அந்த மீன்வளத்தை ஒட்ட வழித்துவிட்டன. நியூசிலாந்து, டாஸ்மேனியா மலைகளில் பிடிக்கப்பட்ட ஆரஞ்சு ரஃபி மீன் நூறாண்டுக்கு மேல் வாழக்கூடியது. இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். தட்டில் வைக்கப்பட்ட மீன் சாப்பிட்டவரைவிட மூத்ததாக இருந்திருக்கலாம். வலையோடு பவளக்காடுகளும் நொறுங்கி வந்தன.

எடுக்கக் கூடாது என்பவர்கள் சொல்லத் தயங்கும் ஒரு செய்தியும் இதில் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் வலை படாமல் விடப்பட்ட சில பசிபிக் மலைகளில் பவளங்கள் மறுபடி தலைகாட்டியிருப்பதை ஆய்வாளர்கள் 2019-இல் பதிவுசெய்தார்கள். கடல் அழிந்தால் அழிந்ததுதான் என்பது எப்போதும் சரியல்ல. அதனாலேயே ஆறும் காயத்தையும் ஆறாக் காயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மீன்பிடித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பவளம் துளிர்ப்பதைக் காணக்கூடும். உரித்த பொருக்கு திரும்புவதைக் காண எந்தப் பேரப்பிள்ளையும் இருக்கப்போவதில்லை. ஹவாய்க் கடலில் 4,000 ஆண்டுக்கு மேல் வயதான கரும்பவளம் இருந்திருக்கிறது. அப்படியொன்றை வெட்டியபின் இழப்பீடு என்று எதைக் கட்டுவது?

அடித்தரையை வழிப்பது என்ன செய்யும் என்பது இந்த இரு நாடுகளுக்கும் புதிதல்ல. கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களைச் சுற்றித்தான் மீன் கூடும் என்பதை இக்கரை மீனவர்களும் அக்கரை மீனவர்களும் அறிவார்கள். பாக் நீரிணையின் தரையை வழித்த இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதையொட்டி இரு கரை மீனவர்களுக்கும் இடையே எழுந்த சண்டையே இன்னும் ஓயவில்லை.

ஆராயவே கூடாது என்பது வேறு வாதம். அதை ஏற்க முடியாது. அறியாத ஒன்றைக் காப்பதும் கடினம். ஆய்வு ஒப்பந்தத்தின் காலம் 15 ஆண்டுகள். உலோகம் எவ்வளவு என்பதோடு, அங்கே வாழ்வன எவை, எவ்வளவு மெதுவாக வளர்கின்றன என்பதையும் அதற்குள் எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்தால் அது நல்ல வேலைதான். சிக்கல் அதன் முடிவில் இருக்கிறது. ‘எடுக்க வேண்டாம்’ என்பதும் ஒரு விடையாக இருக்கலாம் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளாமல் செய்யும் ஆய்வு, வெட்டுவதற்கான முன்னேற்பாடு மட்டுமே.

நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடற்படுகை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்கிறது 1982-ஆம் ஆண்டுக் கடல்சட்டம். இன்னும் பிறக்காதவர்களும் அந்த மனிதகுலத்தில் சேர்த்தி. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கனிமம் எடுப்பதை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்கின்றன. கிங்ஸ்டன் ஆணையத்துக்கோ சட்டம் இரண்டு வேலைகளைச் சேர்த்தே கொடுத்திருக்கிறது: கடல்தரையைக் காப்பது, கனிமம் எடுப்பதை நடத்திக்கொடுத்து அதன் பங்குத்தொகையை வாங்கிப் பகிர்வது. வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னால் அந்த ஆணையத்துக்குப் பகிர ஒரு காசும் வராது.