பண்டிகைக் கால ஈகையும் தை மாதப் பசியும்

உணவு வங்கி என்பது, வணிகரும் உழவரும் பொதுமக்களும் அளிக்கும் உணவுப்பொருள்களைத் திரட்டி, அவற்றை வாங்க வசதியற்ற குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கும் அறநிறுவனமாகும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967இல் ஜான் வான் ஹெங்கல் நிறுவிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கி இவ்வகையில் உலகின் முதலாவது எனக் கருதப்படுகிறது. கனடாவில் 1981இல் எட்மன்டன் நகரில் இம்முயற்சி வேரூன்றியபோது, பொருளாதார நெருக்கடி தணியும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடாகவே அது எண்ணப்பட்டது. அந்தத் தற்காலிகம் இன்று நாற்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. 2024 மார்ச் மாதத்தில் மட்டும் கனடிய உணவு வங்கிகளை மக்கள் நாடிய தடவைகள் 20 லட்சத்தைத் தாண்டின.

கனடாவில் அக்டோபரில் வரும் நன்றியறிதல் நாளையும் டிசம்பரில் வரும் கிறிஸ்துமஸையும் ஒட்டிப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பலசரக்குக் கடைகளின் வாயில்களிலும் கொடைப்பெட்டிகள் நிறைகின்றன; ஜனவரி பிறந்ததும் வரத்து சுருங்கிவிடுகிறது. வாடகையும் குளிர்காலத்தில் கூடும் வெப்பமூட்டும் செலவும் அவ்வாறு சுருங்குவதில்லை. ஆகவே, ஈகையின் காலத்தைத் தீர்மானிக்க வேண்டியது கொடுப்பவரின் மனநிறைவா, பெறுபவரின் தேவையா என்னும் அறக்கேள்வி எழுகிறது.

பண்டிகை மனத்தை இளகச் செய்கிறது என்பதும், தன் வீட்டு விருந்தின்போது அயலார் பசியை நினைப்பது உயர்ந்த பண்பு என்பதும் மறுக்கத்தக்கவையல்ல. அந்நேரத்தில் கொடுப்பவரைப் பழிப்பது கொடைக்கே கேடாய் முடியும். எனினும் கொடையின் அளவுகோல் கொடுப்பவரின் நெகிழ்ச்சியாகவே நின்றுவிடும்போது, பெறுபவர் அந்நெகிழ்ச்சிக்கான வாய்ப்பாகச் சுருங்கிவிடுகிறார். தகரத்தில் அடைத்த உணவைக் கையால் எடுத்துக் கொடுப்பது கொடையாளருக்கு நிறைவு தரலாம். ஆனால் அதைத் தரம் பிரிக்கவும் காலாவதி நாளைச் சரிபார்க்கவும் உழைப்பு வேண்டியிருக்க, அதே மதிப்புள்ள பணத்தைக் கொண்டு உணவு வங்கியால் பாலையும் முட்டையையும் காய்கறியையும் மொத்த விலைக்கு வாங்க முடிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத கொடையை மேற்படிகளில் வைத்து, ஒருவரைத் தற்சார்புடையவராக்கும் உதவியை அதற்கும் மேலே வைத்தார். பெறுபவரின் மானத்தைக் காக்கும் இவ்வரிசை இன்றைக்கும் பொருந்துவதே.

தனியார் கொடைக்கு இதனினும் கடுமையான மறுப்பொன்று உண்டு. அது பெருகப் பெருக அரசு தன் கடமையிலிருந்து நழுவுகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேனட் பாப்பென்டிக் 1998இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். போதிய உணவை மனித உரிமையாக ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1976இலேயே இணைந்த கனடாவுக்கு இவ்வாதம் ஆழமாகவே பொருந்துகிறது. ஆயினும் கொள்கை மாறும்வரை கொடையை நிறுத்துவது, அரசின் பிழைக்காகப் பசித்த குழந்தையைத் தண்டிப்பதாகும். கொடுக்கும் கையே வாழ்வூதியத்தையும் வாடகைக் கட்டுப்பாட்டையும் கோரும் குரலாகவும் ஆவதே நேர்மையான வழி.

கனடிய நாடாளுமன்றம் 2016இல் தமிழ் மரபுத் திங்களாக ஏற்ற ஜனவரி, பொங்கலின் மாதம். உணவு வங்கிகளுக்கு வரத்து குறையும் மாதமும் அதுவே. டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தைத் திங்களில் தொடங்கி, மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தத்தம் பகுதி உணவு வங்கிக்கு ஆண்டு முழுவதும் அளித்து வர வேண்டும்.