யாருக்குச் சொந்தம் இந்த உடம்பு?

மக்காவில் ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு இடையே ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் ஏழு முறை நடக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் இதைத் தொங்கோட்டம் என்பார்கள். ஒரு நடைக்கு ஏறக்குறைய 450 மீட்டர்; ஏழும் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு தாயின் தவிப்பிலிருந்து வந்தது இந்த வணக்கம். கைக்குழந்தை இஸ்மாயில் தாகத்தில் துடிக்க, ஹாஜரா அம்மையார் தண்ணீர் தேடி அந்தக் குன்றுகளுக்கு நடுவே ஓடினார். பிள்ளையை மடியில் வைத்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாலும் அது பாசம்தான். வணக்கமாக நிலைத்ததோ அவருடைய ஓட்டம்.

இன்றைய பெற்றோரின் பாசம் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிறது. பகலெல்லாம் அலுவலக நாற்காலி. நெரிசலில் வண்டி இருக்கை. மாலையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. பாட்டு வகுப்பு முடியும்வரை வெளியே நிறுத்திய காருக்குள் காத்திருப்பு. “எனக்கென்று நேரம் ஏது?” என்று கேட்கும் குரலில் அலுப்போடு கொஞ்சம் பெருமிதமும் இருக்கும். தன் உடம்பைக் கவனித்தால் அது பிள்ளைக்குச் சேரவேண்டிய நேரத்தைத் திருடுவதாகும் என்ற எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது. அதனால்தான் கால அட்டவணையைத் திருத்தி எழுதியும் இந்தச் சிக்கல் தீர்வதில்லை. பெற்றவரின் உடம்பு யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

திருமூலர் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டார். உடம்பை இழிவென்று முதலில் எண்ணியதையும், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் அவரே திருமந்திரத்தில் சொல்கிறார். உடம்பு கெட்டால் மெய்ஞ்ஞானத்துக்குப் போகும் வழியும் அடைபடும் என்பது அவர் வாதம். இஸ்லாமிய மரபு உடம்பை அமானிதம் என்கிறது. இறைவன் நம்பி ஒப்படைத்த பொருள், ஒருநாள் கணக்குச் சொல்ல வேண்டியது. இரண்டு மரபுகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தனக்கே முழுச் சொந்தமில்லாத ஒன்றை வீணடித்துவிட்டு, அதைத் தியாகம் என்று எப்படிச் சொல்வது?

தவம் என்றாலே அசையாமல் அமர்வதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். புத்தர் நடையையும் சாதனையாகவே கொண்டார். நடப்பதால் வரும் ஐந்து நன்மைகளைப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் சொல்கிறது. நோய் குறைவதும் உண்டது நன்றாகச் செரிப்பதும் அவற்றில் உண்டு. அங்கே அவை மன ஒருமைப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றன.

அறிவியல் இந்த விஷயத்துக்கு வந்து சேர்ந்தது லண்டனின் இரட்டை மாடிப் பேருந்து வழியாக. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டது. ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுக்க நாளெல்லாம் படியேறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தாலும் அதன் கடுமை குறைந்திருந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்தார்களா என்ற ஐயம் எழ, மாரிஸ் அவர்களுடைய சீருடை அளவுகளைக்கூடத் தேடி எடுத்துப் பார்த்தார். அந்த ஐயத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனாலும் உடல் அசைவு இதயத்தைக் காக்கிறது என்ற முடிவைப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் உறுதிசெய்தன.

காரணமும் ஓரளவு தெரிகிறது. நெடுநேரம் உட்காரும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் சும்மா கிடக்கின்றன. இரத்தத்திலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் அவை எடுத்துக்கொள்வது குறைகிறது. கால்களிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளும் வேலையும் மந்தமாகிறது.

அதற்காக நின்றுகொண்டே இருந்தால் போதும் என்றில்லை. கடைகளில் நாள் முழுக்கக் கால்கடுக்க நின்றவர்களுக்காக, அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. மறுபக்கம், துணி ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கித் தையல் இயந்திரத்தின் முன் அமரும் தாயிடம் போய் உட்காராதே என்று உபதேசம் செய்வது அநியாயம். அவர் எழுந்து நடக்க இடைவேளை தருவது முதலாளியின் கடமை.

உடற்பயிற்சி ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நீடித்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கைவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு உட்காரும் நேரத்தைக் குறைப்பது என்பதே இப்போதைய அறிவுரை. சிறுசிறு துண்டுகளாகவே நேரம் கிடைக்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

ஆகவே பெற்றோரே, தொலைபேசி வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்பதையும் மொட்டை மாடியில் நடந்தபடி செய்யுங்கள். கடைக்கு வண்டி எடுக்காமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்தே போங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும், முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.