வாங்க முடிந்தவருக்கு வழங்கும் சலுகை

பொதுப் பணத்தைச் செலவிடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று கேட்டால், சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் சுட்டிக் காட்டிவிடலாம். அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. மின்சார வாகனங்களுக்கு அரசு வழங்கும் மானியத்தையும் வரிச் சலுகையையும் பற்றி இன்று நடைபெறும் விவாதம், இந்தப் பழைய கேள்வியின் புதிய வடிவமே ஆகும்.

2022-ஆம் ஆண்டில் நம் வீட்டுக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். அதன் பேட்டரி மூன்று கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் என்ற அன்றைய கணக்கின்படி, மத்திய அரசின் மானியமான 45,000 ரூபாயை விலையிலேயே கழித்திருந்தார்கள். விலைச்சீட்டை ஊன்றிப் படித்திராவிட்டால், அப்படி ஒரு தொகை நமக்கு வழங்கப்பட்டது என்பதே நமக்குத் தெரிந்திராது.

சில நாட்கள் சென்றபின், மாதத் தவணைக்குத் துணி விற்க வரும் ஜவுளி வியாபாரி ஒருவர் தம் பழைய மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டுப் புது வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலையைக் கேட்டார், சொன்னோம். மானியத்தைப் பற்றியும் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றவர், “சர்க்கார் கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கும் முதலில் கையில் ஒரு லட்சம் வேண்டுமே, பாய்!” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.

அவர் சிரித்துவிட்டார், நம்மால்தான் சிரிக்க முடியவில்லை. காலை முதல் அந்தி வரை தெருத்தெருவாக அலையும் அவர் எரிக்கும் பெட்ரோல், கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகப் போய்வரும் நாம் எரித்ததைவிடப் பன்மடங்கு அதிகம். சாலைப் புகையை நெஞ்சு நிறைய வாங்குபவரும் அவரே. பெட்ரோல் செலவு குறைந்தால் அந்த மிச்சம் அவர் வீட்டு அடுப்பை எரிக்கும். ஆயினும் மானியம் வந்து சேர்ந்தது நமக்கு. அவர் வாங்கும் சோப்புக் கட்டியிலும் வரி இருக்கிறது. அந்த வரியும் சேர்ந்த கருவூலத்திலிருந்துதான் நம் 45,000 ரூபாய் வந்தது. பொதுப் பணம் ஓர் அமானிதம் என்று ஒப்புக்கொள்வோமானால், இந்தக் கணக்கை நாம் நிமிர்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

அரசின் பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் சொல்வோம். 2015-இல் ‘ஃபேம்’ என்ற பெயரில் தொடங்கிய மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், 2019 ஏப்ரலில் பத்தாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கட்டத்தில், சொந்த உபயோகத்துக்காகக் கார் வாங்குபவருக்கு மானியம் இல்லை. வாடகைக்கும் தொழிலுக்கும் ஓடும் காருக்கே உண்டு என்று வரையறுத்தார்கள். 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயில் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் காருக்கு மானியமே கிடையாது. இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கும், ஆம்புலன்ஸ்களுக்கும், லாரிகளுக்கும், பேருந்துகளுக்குமே பணம் ஒதுக்கப்பட்டது. இதில் பேருந்துகளுக்கு மட்டும் 4,391 கோடி. ஏழையும் ஏறிச் செல்லும் வாகனம் எது என்று எண்ணிப் பார்த்து ஒதுக்கிய ஒதுக்கீடு இது. பாராட்டுவோம்.

ஆனால், முன்வாசலில் மறிக்கப்பட்ட கார் பக்கவாசல் வழியே உள்ளே வந்துவிட்டது. அந்தப் பக்கவாசலின் பெயர் வரிச் சலுகை. மின்சார வாகனம் வாங்கப் பெற்ற கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை ஒப்புதலான கடன்களுக்கு அது பொருந்தும். முப்பது சதவீத வரி கட்டுபவருக்கு இதனால் 45,000 ரூபாய் வரை மிச்சம். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத ஜவுளி வியாபாரிக்கு மிச்சம் பூஜ்யம்.

சரக்கு சேவை வரியின் கதை இதைவிட வியப்பானது. 2019 ஆகஸ்டு முதல் எல்லா மின்சார வாகனங்களுக்கும் ஐந்து சதவீதமே வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சாதாரணப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 18 சதவீதம் என்றும், பெரிய பெட்ரோல் காருக்கு 40 சதவீதம் என்றும் வரி திருத்தப்பட்டபோதும் இந்த ஐந்து மாறவில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். வரிக்கு முன் ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஸ்கூட்டரை மின்சாரத்தில் ஓடுவதாக வாங்கினால் வரியில் மிச்சம் 13,000 ரூபாய். ஐம்பது லட்சம் ரூபாய் மதிப்புள்ள பெரிய காரை அவ்வாறு வாங்கினால் மிச்சம் பதினேழரை லட்சம் ரூபாய். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்கூட்டர்களுக்குக் கிடைக்கும் சலுகை ஒரே காருக்குக் கிடைத்துவிடுகிறது! ஆடம்பரம் என்பதற்காக விதித்த வரி, அதே ஆடம்பரம் மின்சாரத்தில் ஓடினால் விலகிக்கொள்கிறது.

அமெரிக்காவும் இந்தப் பாதையில் நடந்து பார்த்த நாடுதான். மின்சாரக் கார் வாங்குபவருக்கு அங்கே 7,500 டாலர் வரை வருமான வரியில் கழிவு கொடுத்தார்கள். கட்டவேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தவருக்கு முழுத் தொகை கிடைக்காது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர்களான செவெரின் போரன்ஸ்டைனும் லூகாஸ் டேவிஸும் 2012 வரையிலான வரிக் கணக்குகளை ஆராய்ந்தபோது, இந்தக் கழிவில் ஏறத்தாழ 90 சதவீதம் வருமானத்தில் மேல்தட்டிலுள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்கே போயிற்று என்று கண்டார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, வருமானத்துக்கும் காரின் விலைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். பழைய மின்சாரக் கார் வாங்குபவருக்கும் 4,000 டாலர் வரை கழிவு உண்டு என்றார்கள். 2025 செப்டம்பர் 30-உடன் அத்தனையும் முடித்துவைக்கப்பட்டன. நீதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய ஒரு திட்டம், நீதி வந்து சேர்ந்த மூன்றே ஆண்டுகளில் மறைந்துபோயிற்று.

இதற்கு மறுப்பு உண்டு. அதில் வலுவும் உண்டு. புதிய பொருளை முதலில் வாங்குபவர் எப்போதும் வசதி உள்ளவரே. அவர் வாங்கினால்தான் ஆலை ஓடும். ஆலை ஓடினால்தான் விலை இறங்கும். இறங்கினால்தான் ஏழைக்கு எட்டும் என்பார்கள். நடந்ததும் அதுவே. 2010-இல் ஒரு கிலோவாட் மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொன்ன பேட்டரி, 2024-இல் உலகச் சராசரியில் 115 டாலருக்கு வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்வார்கள்: காற்று எல்லாருக்கும் பொது, செல்வந்தரின் கார் புகை கக்காவிட்டால் நடைபாதையில் பழம் விற்பவரின் நெஞ்சும் தப்பிக்கும். இரண்டையும் நாம் ஏற்கிறோம்.

ஏற்றுக்கொண்டே கேட்கிறோம்: காற்றுத்தான் நோக்கம் என்றால், சலுகையை வண்டியின் விலையைக் கொண்டு ஏன் அளக்க வேண்டும்? அது விலக்கும் புகையைக் கொண்டல்லவா அளக்க வேண்டும்? வாரத்தில் பாதி நாள் கொட்டகையில் நிற்கும் காரைவிட, நாள் முழுவதும் ஓடும் ஆட்டோவும், ஒரு நடையில் ஐம்பது அறுபது பேரை ஏற்றிச் செல்லும் பேருந்தும் ரூபாய்க்கு ரூபாய் அதிகப் புகையை விலக்குகின்றன. இங்கே நீதியும் சிக்கனமும் ஒரே பக்கம் நிற்கின்றன. முதலில் வாங்குபவர் வசதி உள்ளவரே என்ற வாதமும் நம் நாட்டில் முழுமையாகப் பொருந்தாது. டில்லியிலும் வடநாட்டு நகரங்களிலும் மின்சாரத்துக்கு முதலில் மாறியவர்களில் பெரும்பாலோர் இ-ரிக்‌ஷா ஓட்டும் ஏழைகள். மானியத்தின் இரண்டாம் கட்டம் நவீன பேட்டரிகளுக்கு மட்டுமே என்று வரையறுத்ததால், ஈய அமில பேட்டரியில் வண்டி ஓட்டிய அவர்கள் வெளியே நின்றார்கள். ஈயம் தீங்கானது என்பது மெய்தான்; ஆனால் அதிலிருந்து மீள உதவி தேவைப்பட்டவர்களும் அவர்களே அல்லவா?

சலுகை என்றும் நீடிக்க வேண்டும் என்பதும் நம் வாதமன்று. நடக்கப் பழகிய குழந்தையை இடுப்பிலேயே சுமந்து திரிவதில்லை. ஸ்கூட்டர் மானியம் 2023 ஜூனில் கிலோவாட் மணிக்கு 10,000 ஆகவும், 2024 ஏப்ரலில் 5,000 ஆகவும், 2025 ஏப்ரலில் 2,500 ஆகவும் குறைந்தது. குறைத்தது சரியே. ஆனால் 2023-இல் மே மாதம் அறிவித்து ஜூன் முதல் தேதியே குறைத்தபோது, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவரே ஏமாந்தார். கையில் பணம் உள்ளவர் முன்னரே வாங்கி முடித்திருந்தார். கொடுப்பதைப் படிப்படியாகக் குறைப்பதாயின், அந்தப் படிகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது கொடுப்பவரின் கடமை.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். மானியமோ வரிச் சலுகையோ, எந்தப் பெயரில் கொடுத்தாலும் விலைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கட்டும். பிழைப்புக்காக ஓடும் வண்டிக்கு முதலிடம் கிடைக்கட்டும். ஒரு லட்சத்தை ஒருமித்துப் புரட்ட முடியாதவருக்கு, மானியத்தைவிட எளிய தவணையே பெரிய உதவி. அந்த வழியை அரசு திறக்கட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சலுகையைப் பெற்றது குற்றமன்று. சட்டம் கொடுத்தது, பெற்றோம். நம் உழைப்பின் ஊதியத்தைப் போல அதை எண்ணிக்கொண்டு, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அரசு செலவிடும்போது மட்டும் ‘இலவசம்’ என்று முகம் சுளிப்போமானால், அது குற்றம். அந்த ஜவுளி வியாபாரி இன்னும் அதே மொபெட்டில்தான் வருகிறார். நம் ஸ்கூட்டருக்கு அருகே அதை அவர் நிறுத்தும்போதெல்லாம், நம் வண்டியின் விலையில் அவருடைய பங்கும் இருக்கிறது என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணம் நம்மை விட்டு அகலாதிருக்கட்டும்.