முத்திரையிட்ட அடைக்கலம்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயில் மறைமலை நகரைக் கடந்ததும் நிற்கிற சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்துக்கும், அதையடுத்த பரனூர் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. முதல் நிலையத்தை அடுத்த ஊரில், பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து அமைத்த கருவறையில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்கிறார். மூர்த்தியும் மலையும் ஒன்றேயாதலால் அவரை வலம் வர விரும்புகிறவர் மலையையே சுற்றி வருகிறார். இரண்டாவது நிலையத்தை ஒட்டி, இந்த நூற்றாண்டில் எழுந்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியின் அலுவலகங்கள் நிற்கின்றன. அங்கே ஆயிரக்கணக்கான இளைஞர்கள், உலகத்தின் எங்கோ ஒரு மூலையிலுள்ள அந்நியர்களின் கணக்குகளையும் இரகசியங்களையும் பாதுகாக்கும் பொறுப்பைத் தினமும் ஏற்கிறார்கள். காலையில் பெருமாளைச் சேவித்துத் தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்டு அடுத்த ரயிலில் வேலைக்குப் போகிற ஒருவருக்கு, இவ்விரண்டு இடங்களும் ஒரே மனத்தில் எழுப்புகிற கேள்வி ஒன்று உண்டு.

அத்தகைய அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் என் சகோதரியின் புதல்வன் அண்மையில் அதை என்னிடம் கேட்டான். "மாமா, ஆபீஸ் நெட்வொர்க்கில பாஸ்வேர்ட் மேனேஜர் சிங்க் ஆக மாட்டேங்குது. வேற வழியா சுத்திப் போனா தப்பா?" என்று தொடங்கியவன், சற்றுப் பொறுத்து, "எல்லாத்தையும் பெருமாள்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு சொல்றோம். அப்புறம் எதுக்கு மாமா யாருக்கும் தெரியாத ஒரு பூட்டு?" என்றான். முதல் கேள்வி இயந்திரத்தைப் பற்றியது போலவும், இரண்டாவது சமயத்தைப் பற்றியது போலவும் தோன்றினாலும், ஒருவர் தமது பொருளை இன்னொருவரிடம் எவ்விதம் ஒப்படைக்கலாம் என்ற ஒரே விசாரணையின் இரு முகங்களே அவை என்று நான் கருதுகிறேன்.

முதலில் அந்தக் கருவியின் தன்மையைச் சொல்லவேண்டும். வங்கி, மின்வாரியம், வருமான வரி, மருத்துவமனை என்று இன்றைய கிருகஸ்தனுக்கு எத்தனையோ வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். அவை யாவற்றையும் ஒரே பேழையில் வைத்து, அந்தப் பேழைக்கு மட்டும் ஒரு தலைமைச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளச் செய்வது பாஸ்வேர்ட் மேனேஜர். நாம் தட்டும் தலைமைச் சொல்லைக் கருவி லட்சக்கணக்கான முறை கணித ரீதியாக உருட்டித் திரட்டி ஒரு சாவியாக்குகிறது. இந்தத் துறையில் பலரும் பின்பற்றும் ஓவாஸ்ப் அமைப்பு, இதற்கென வழங்கும் முறைகளுள் ஒன்றில் 600000 முறை உருட்ட வேண்டும் என்று 2023-ல் பரிந்துரைத்தது. அந்தச் சாவியால் பேழை நம்முடைய கருவியிலேயே பூட்டப்படுகிறது; பூட்டிய பின்புதான் அது சர்வருக்குச் செல்கிறது. அங்கிருந்து செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் வீட்டுக் கணினிக்கும் இறங்குவதும் பூட்டிய பேழையே. சிங்க் என்று சொல்லப்படுவது இவ்வளவுதான்: பேழை பல இடங்களுக்குப் பயணம் செய்கிறது, சாவி உடையவரை விட்டு எங்கும் போவதில்லை. பூட்டும் முறையோ உலகறிந்தது. முறை பகைவன் கையில் கிடைத்தாலும் தீங்கில்லை, சாவி ஒன்றே இரகசியமாக இருந்தால் போதும் என்ற கொள்கையை 1883-ஆம் ஆண்டிலேயே கெர்க்கோஃப்ஸ் என்ற அறிஞர் நிலைநாட்டினார்; இன்று பெரும்பாலான பேழைகளைக் காக்கும் ஏ.இ.எஸ். என்ற முறை 2001-ல் அமெரிக்கத் தரநிலையாகப் பகிரங்கமாகவே வெளியிடப்பட்டது.

இந்த ஏற்பாட்டைப் புதுமை என்று எண்ணுவதற்கில்லை. நம் தர்மசாஸ்திரங்கள் அடைக்கலப் பொருளை இரண்டாக வகுத்தன. எண்ணிக் காட்டி, இன்னது இவ்வளவு என்று சொல்லி ஒப்படைப்பது நிக்ஷேபம்; பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டு, உள்ளே இருப்பதைச் சொல்லாமலே பிறர் கையில் கொடுப்பது உபநிதி. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இரண்டாவதைத் தனியே இலக்கணப்படுத்தி, வாங்கியவர் அதை வாங்கியபடியே, முத்திரை கலையாமல் திருப்பித் தரவேண்டும் என்று விதிக்கிறது. கௌடில்யரும் அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்குகிறார். இந்த விதிகளைப் படிக்கிறவர் மனத்தில் ஓர் ஐயம் எழும்: முத்திரையிட்டுக் கொடுப்பது அவநம்பிக்கையின் அடையாளம் அல்லவா? நான் அப்படி நினைக்கவில்லை.

பெறுகிறவர்மீது வைக்கும் பாரத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். அந்த அடைக்கலம் தன் கையை விட்டுப் போனபோது, குற்றம் ஒன்றும் செய்யாத அந்த இடைக்குல மூதாட்டி தீயில் வீழ்ந்து உயிர் விடுகிறாள். திறந்த அடைக்கலம் அவ்வளவு கனமானது. உள்ளே இருப்பதை அறிந்தவனுக்கு ஆசையும் உண்டாகலாம், ஆசையற்றவன்மீது பிறருக்குச் சந்தேகமும் உண்டாகலாம், அறியாதவனுக்கோ இரண்டுமில்லை. ஆகவே முத்திரை, கொடுக்கிறவரின் பொருளைக் காப்பதோடு, வாங்குகிறவரின் நேர்மையையும் காக்கிறது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் சர்வரைப் பராமரிக்கும் முகமறியாத ஊழியரை, எனது கடவுச்சொற்களைத் திருடவேண்டும் என்ற சோதனைக்கு ஆளாக்காமலிருப்பது நான் அவருக்குச் செய்யும் ஒரு தர்மம் என்றே சொல்லலாம்.

அதே ஸ்மிருதி இன்னொன்றும் கூறுகிறது. அரசராலோ, தெய்வச் செயலாலோ, திருடராலோ உபநிதி போய்விட்டால், காத்தவர் ஈடு செய்யவேண்டியதில்லை. உடையவர் கேட்டபோது கொடாமல் வைத்திருந்தால் அவர் குற்றவாளி. அப்படியானால் இறுதி நஷ்டம் உடையவருடையதே. முத்திரையின் உறுதியும் அவருடைய கடமையே. 2022-ஆம் ஆண்டில் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்தில் இதை உலகம் கண்டது. வாடிக்கையாளரின் பேழைகளது நகல்களைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று அந்நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. கடவுச்சொற்கள் பூட்டியபடியே போயின. ஆனால் எந்தெந்த இணையதளங்களுக்கான சொற்கள் அவை என்ற முகவரிகள் பூட்டப்படாமலே போயின. வலிய தலைமைச் சொல் வைத்திருந்தவருக்கு அந்தப் பேழை திருடன் கையிலும் பேழையாகவே இருந்தது. பிள்ளையின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து வைத்திருந்தவருக்கு அப்படி இருந்திருக்க முடியாது. ஆதலால், பகடையை ஐந்து முறை உருட்டி 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒன்றைத் தேர்ந்து, அவ்வாறே ஆறேழு சொற்களைக் கோத்துக்கொள்ளும் சிரமத்தை, ஒரு விரதத்தைப்போலச் சிரத்தையோடு செய்யத் தகும்.

இனி அந்த இளைஞனின் முதல் கேள்வி. அலுவலகக் கணினியில் பேழையைத் திறந்தால், நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில விநாடிகளுக்குப் பிறகு, இத்தளம் தங்கள் நிறுவனத்தால் தடை செய்யப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு வருகிறது. ஃபயர்வாலும் ப்ராக்ஸியும் அவ்விதம் அமைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. வெளிச் சேமிப்பு எதுவும் ஒரு வாசல். வாடிக்கையாளரின் பொருள் அதன் வழியே வெளியேறிவிடலாம். இணையத் தாக்குதல் நிகழ்ந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவேண்டும் என்று நம் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. அந்த ஆணைக்குக் கட்டுப்பட்ட நிர்வாகி தம் எல்லையைக் காப்பது அவருடைய ஸ்வதர்மம். அவரும் பிறருடைய அடைக்கலத்தைக் காக்கிறவரே. என் முத்திரைக்கு மரியாதை கேட்கிற நான் அவருடைய முத்திரையை மறைவழியில் கடந்து செல்வது எந்த நியாயத்தில் சேரும்? வி.பி.என். வைத்து நுழைந்தாலும், சொந்த செல்போனின் இணையத்தை அலுவலகக் கணினியில் பொருத்தினாலும், தீங்கு விளையாவிட்டாலும், பேச்சில் ஒத்துக்கொண்டதைச் செயலில் மறுத்ததாகும்.

தர்மம் வழியை அடைத்துவிட்டு நிற்பதுமில்லை. செல்போனிலுள்ள பேழை, நெட்வொர்க் கிடைக்காத இடத்திலும் தன்னிடமுள்ள பூட்டிய நகலைத் திறந்து காட்டும். புதிதாக மாற்றியவை மட்டும் காத்திருந்து, மாலையில் சிங்கப்பெருமாள் கோயில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தாமே சிங்க் ஆகிவிடும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் பிரிவுகளில், அலுவலகச் சொற்களுக்கு அலுவலகம் அங்கீகரித்த கருவியைத் தரும்படி ஐ.டி. பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம்; சொந்தச் சொற்கள் அன்று அங்கே வேண்டியதில்லை. வேண்டினாலும், பிறருக்குரிய கணினியில் தலைமைச் சொல்லைத் தட்டுவது விவேகமன்று. பேழை பூட்டியபடி ப்ராக்ஸியைக் கடந்தாலும், விசைப்பலகையில் விழும் எழுத்துகளைக் கணினியின் சொந்தக்காரர் காணக்கூடும். அலுவலகத்தின் தடை இவ்விடத்தில் நம் நலத்துக்கும் அரணாகிறது.

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரிது. பெருமாளிடம் ஒப்படைத்தவனுக்கு இந்தப் பூட்டுகள் எதற்கு?

நரசிம்மரின் சந்நிதியில் இதைக் கேட்பது பொருத்தமே. ஹிரண்யன் கேட்ட வரத்தைப் பாருங்கள்: மனிதனாலும் மிருகத்தாலும், உள்ளும் புறமும், பகலிலும் இரவிலும், மண்ணிலும் விண்ணிலும் மரணம் கூடாது என்று, தனக்குத் தோன்றிய வாசல்களை எல்லாம் எண்ணி ஒவ்வொன்றையும் அடைத்துக்கொண்டான். தன் உயிரை உலகத்துக்கு எதிராக மட்டுமின்றி அதைத் தந்தவனுக்கு எதிராகவும் பூட்டிவிட முயன்றதே அவன் பிழை. அந்தப் பூட்டுக்கு எதிரே, தன்னிடம் ஒன்றையும் பூட்டி வைக்காத பிரகலாதன் நின்றான். தூணிலும் இருக்கிறான், துரும்பிலும் இருக்கிறான் என்று அவன் சொன்ன அந்த அந்தர்யாமிக்கு உள்ளும் புறமும் என்ற பேதம் இல்லை. பேதமில்லாத இடத்தில் முத்திரை எதன்மீது விழும்?

காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268-ல் அவதரித்த வேதாந்த தேசிகர் சரணாகதியை விளக்குமிடத்து, ஆத்மாவையும், அதைக் காக்கும் பாரத்தையும், அதனால் வரும் பலனையும் ஆக மூன்றையுமே எம்பெருமானுடையவை என்று சமர்ப்பிப்பதே பூரணம் என்றார். பிரபத்தியை நிலைநிறுத்த அவர் எழுதிய கிரந்தங்களுள் ஒன்றின் பெயர் நிக்ஷேப ரக்ஷை. திறந்து காட்டி ஒப்படைப்பதே அங்கு முறை. அங்கே பேழையோடு சாவியும் போகிறது. ஏனெனில், பெறுகிறவனுக்கு ஆசையில்லை. திருடர் அவனிடமிருந்து கொண்டுபோவதற்கில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் ஆதியிலிருந்தே அவனுடையது. மனிதரிடம் முத்திரையை அவசியமாக்கிய காரணங்களுள் ஒன்றுகூட அவனிடம் பொருந்தவில்லை.

பாடலாத்ரியில் கற்பூர ஆரத்தியின்போது அர்ச்சகர் பெருமாளின் திருநெற்றியிலுள்ள திருமண் காப்பை மெல்ல உயர்த்தி, தீபத்தை அருகே பிடித்து, அதன் கீழுள்ள மூன்றாம் கண்ணைக் காட்டுகிறார். எதிரே நிற்கிற ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். மறைந்திருப்பதைக் காட்டவும் ஒரு வேளையும், ஓர் அதிகாரியும், ஒரு முறையும் உண்டு என்பதை அந்தக் கைங்கரியம் கற்பிக்கிறது. மறைப்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடுவதில்லை என்பதையும் கற்பிக்கிறது.

ஆகவே அந்த இளைஞனுக்கு நான் சொன்னது இதுதான். உலகத்தாரிடம் ஒப்படைப்பவற்றை உபநிதியாக, முத்திரையோடு ஒப்படைக்கவேண்டும். இறைவனிடம் ஒப்படைப்பதை நிக்ஷேபமாக, மறைவின்றி ஒப்படைக்கவேண்டும். இவ்விரண்டும் இடம் மாறும்போதுதான் துன்பம் வருகிறது. நம்பிக்கையின் பெயரால் தலைமைச் சொல்லைச் சக ஊழியரிடம் சொல்லிவிடுகிறவர் அவர்மீது மனிதர் தாங்கவொண்ணாத பாரத்தை ஏற்றுகிறார். சந்நிதியில் நின்றுகொண்டு இதைத் தருகிறேன், இதை வைத்துக்கொள்கிறேன் என்று கணக்குப் பார்க்கிறவர் ஹிரண்யனின் வழியிலே இரண்டடி நடக்கிறார். இடைப்பட்ட ஒரு கடமையும் இருக்கிறது: உடையவர் மறைந்தபின் பேழை திறக்கப்படாமலே போனால், இன்ஷூரன்ஸும் வங்கிக் கணக்கும் மனைவி மக்களுக்கு எட்டாமற்போகும். எனவே தலைமைச் சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, உறையின் வாயில் கையெழுத்திட்டு, வீட்டுப் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ வைத்து, அது இருக்குமிடத்தை மட்டும் மனைவியிடம் சொல்லி வைப்பது கிருகஸ்த தர்மம். பூட்டுவதில் விழிப்பும், பிறர் எல்லையில் மரியாதையும், இறைவன்முன் ஒளிவின்மையும் ஒரே மனிதனிடத்தில் ஒன்றாக இருக்க முடியும்; இருக்கவும் வேண்டும்.