திடலுக்குக் கொடுப்பதும் ஸதக்காவா?

பள்ளிவாசலுக்குப் பாய் வாங்கவேண்டுமென்றால் நம்மவர் கை தயங்குவதில்லை. மதரஸாவுக்கும் அப்படியே. ஏழைக் குமரின் நிக்காஹ் என்று கேட்டு வந்தால், கடை அடைக்கும் நேரத்திலும் கல்லாவைத் திறப்பர். ஆனால், ஊர்ப் பூங்காவில் நாலு மரம் வைப்போம், பிள்ளைகள் ஓடியாடும் திடலைச் சீர்செய்வோம் என்று யாரேனும் வந்தால், "அது நகராட்சி வேலையல்லவா?" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கோலா சாவா போன்ற தோட்டப்புற ஊர்களில் வாணிபம் செய்யும் நாம் இதனைச் சற்றே நின்று சிந்தித்தல் நலம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஜக்காத் பெறத்தக்கவர் எண்வகையினர் என்று திருக்குர்ஆன் (9:60) வரையறுத்துவிட்டது. பூங்கா அதில் வராது. பசித்தவன் பங்கை எடுத்துப் பூச்செடிக்கு ஊற்றுவோம் என்று எவரேனும் சொன்னால், அவரோடு நாம் சேரமாட்டோம். ஸதக்காவின் வாசலோ அகன்றது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, மிருகமோ உண்டால் அது அவருக்குத் தருமமாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததைச் சிறுவயது முதற்கொண்டு பயான்களில் கேட்டிருக்கிறோம். மக்கள் தங்கும் நிழலை அசுத்தப்படுத்துவதையும் அவர்கள் தடுத்தார்கள். விளையாட்டே வீண் என்பாரும் நம்மில் உளர். அபிசீனியர் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட, அதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டுகளிக்க நாயகம் (ஸல்) அவர்கள் இடமளித்த வரலாற்றை அவர்கள் நினைவுகூர்வார்களாக.

ஆக, எஞ்சி நிற்பது நகராட்சிக் கேள்வியே. வரி வாங்குவோர் செய்யட்டும் என்பது நியாயமான பேச்சுத்தான். எனினும் சென்னையில் நடந்ததைப் பாருங்கள். ஆளுநர் டிரெவெலியன் காலத்தில், 1859-ல், 100 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்னும் மக்கள் பூங்கா உருவாயிற்று. பின்னர் அந்நிலத்தில் மூர் மார்க்கெட் எழுந்தது, ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டரங்கம் எழுந்தது. ஒவ்வொன்றும் பயனுள்ள காரியமே. பூங்காதான் சுருங்கிப்போயிற்று. (அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது சந்தை என்பதை, வணிகராகிய நாம் மறைப்பானேன்!)

அதே சென்னையில், அடையாற்றங்கரையில், கோட்டூர்புரத்துப் பொதுப்பணித்துறை நிலம் ஒன்று குப்பைமேடாய்க் கிடந்தது. 2005-ல் தோன்றிய 'நிழல்' என்னும் தொண்டு அமைப்பினர், 2006 முதல் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு குப்பையை அகற்றி, நாட்டு மரங்களை நட்டு வளர்த்தனர். இன்று அது மரப்பூங்கா. நிலம் அரசாங்கத்தினுடையது, மண்ணைக் கிளறிய கைகள் ஊராருடையவை. தாம் நீரூற்றிய மரத்தை வெட்ட வருபவனை எவரும் வாய்மூடிப் பார்த்திரார் அன்றோ?

நாம் செய்யத் தொடங்கினால் நகராட்சி கைகட்டிக்கொள்ளாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கைகட்டினாலும் கட்டும், அவ்வச்சம் பொய்யன்று. ஆகவே குப்பை அள்ளுதல், சாக்கடை வாருதல் போன்ற, வரிக்கு ஈடாகக் கிடைக்கவேண்டிய வேலைகளை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது. அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும்.

நமது வட்டாரத்துக்கு வருவோம். கித்தாக் காலத்தில் தோட்டத்துத் திடலைத் தோட்ட நிர்வாகமே பார்த்துக்கொண்டது. செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புகளாக மாறிய இடங்களில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமான வீடுகளுக்குப் பெயர்ந்தன. நம் பிள்ளைகளைக் காரில் ஏற்றிச் சிரம்பான் ஏரிப்பூங்காவுக்கு அழைத்துச்செல்கிறோம். அப்பிள்ளைகளுக்கோ வாசலைத் தாண்டினால் சாலைதான். அவர்களின் பெற்றோர் கொடுத்த காசில்தான் நமது கடைகள் வளர்ந்தன. அந்தக் கடன் எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை.

உண்மையைச் சொன்னால், நமக்குப் பணம் கொடுப்பது எளிது, நேரம் கொடுப்பதுதான் கடினம். பணம் கொடுத்தால் சலவைக்கல்லில் பெயர் பொறிப்பார்கள். கோத்தோங் ரோயோங்கில் மண்வெட்டி பிடித்தவரின் பெயரை எந்த மரமும் தாங்கி நிற்பதில்லை. அதன் நிழலில் அமர்பவர் மலாய்க்காரரோ, சீனரோ, நம்மவரோ, யாரென்றும் நமக்குத் தெரியாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கவேண்டும் என்று பயானில் கேட்டுத் தலையசைத்த நாம், மாதம் ஒரு ஞாயிறு, சுபுஹு தொழுகைக்குப் பின் கடை திறக்கும்வரை இரண்டு மணி நேரம் ஒதுக்குவோமா? சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியை வைக்க எண்ணியுள்ளோம். காசோலையோடு வருவோர் வரட்டும். பழைய சட்டையோடு வருவோருக்கு முன்வரிசையில் இடம் வைத்திருப்போம்.