முகமூடியும் ஜன்னலும்

ஜான் கார்ப்பெண்டரின் 'ஹாலோவீன்' (1978) நம் பேச்சுகளில் இடம்பெறத்தக்க படமல்ல. கத்தியோடு ஒருவன், சில கொலைகள், ஓடும் பெண், கதை இவ்வளவுதான். ஏறக்குறைய மூன்று லட்சம் டாலரில், சில வாரங்களில் எடுத்தது. அதைப் பார்த்து எடுத்தவை பல மறந்துபோயின, இது நிற்கிறது. ஏன் என்பது வெறும் சினிமாக் கேள்வி அல்ல என்று எனக்குப் படுகிறது.

1963. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீடு. காமிரா உள்ளே நுழைந்து கத்தியை எடுக்கிறது. மாடியேறி முகமூடி அணிகிறது. அதன் கண்துளைகள் வழியே நாம் பார்க்கிறோம். கொலைக்குப் பின் முகமூடியைக் கழற்றினால், ஆறு வயதுப் பையன். இறந்தவள் அவன் அக்கா. ஏன் செய்தான்? படம் சொல்வதில்லை. பதினைந்து வருஷம் கழித்துத் தப்பிவந்து மறுபடி கொல்கிறான். அப்போதும் காரணம் இல்லை. அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தீமை என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்.

இதை நம்மால் பொறுக்க முடிவதில்லை. 1981ல் வந்த இரண்டாம் பாகம், அவன் துரத்திய லாரி என்ற பெண் அவனுடைய தங்கைதான் என்றது. பயம் உடனே குடும்ப விவகாரமாகச் சுருங்கிற்று. 2018ல் வந்த படம் அந்த உறவைத் தள்ளிவிட்டு முதல் படத்திலிருந்து தொடர்ந்தது. காரணமின்மையே இப்படத்தின் ஆயுள் என்று முடிவுகட்டிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

முதல் படத்திலேயே வேறொன்று நடக்கிறது. வெட்டுக்காயத்தோடு லாரி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். விளக்கு எரிகிறது. ஜன்னல் மறைப்பு விலகுகிறது. யாரோ பார்க்கிறார்கள். விளக்கு அணைகிறது. சில வினாடிகள்தான். இந்தத் தீமைக்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த காரணம். பிள்ளைகள் வேஷமிட்டு விளையாடும் இரவு, நமக்கேன் வம்பு.

முகமூடிக்காரனை வருஷக்கணக்கில் பேசுகிறோம்; இந்த ஜன்னலை மறந்துவிடுகிறோம். காரணமற்ற தீமை ஒரு சலுகை: அது மனிதனே அல்ல, ஆகவே நாமல்ல. படத்தின் வசீகரத்தில் பாதி இந்தச் சலுகைதான் என்று சந்தேகிக்கிறேன். ஆனால் தொடக்கத்தில் கொலைகாரனின் கண்களை நமக்குத் தந்த படம், பிறகு நம்மை எங்கே உட்கார்த்துகிறது? இருட்டில், அவள் கதறுவதைப் பார்த்துக்கொண்டு, கதவைத் திறக்காமல்.

திரைக்குள் போக முடியாது என்பது சரியான பதில்தான். அந்த வீட்டுக்காரரிடமும் ஒரு சரியான பதில் இருந்திருக்கும்.