தேறாதது எது?

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் என்னைக் காண வந்தார். “சாமி, நீங்களாவது அவருக்குப் புத்தி சொல்லுங்க. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அவரு என்னடான்னா காயலான் கடைக்குப் போக வேண்டிய காரை வாங்கப் போறாராம்” என்று கண்கலங்கினார். கணவர் ஒரகடம் பகுதியில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனை செய்பவர். குடிப்பழக்கம் இல்லாதவர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்.

தீர்ப்பு என் நாவின் நுனியில் இருந்தது: “வீண் செலவு.” ஆயினும், பாராமல் தீர்ப்பிடலாகாது என்று அடுத்த ஞாயிறு அவரோடு அந்த வண்டியைக் காணச் சென்றேன்.

திருப்பெரும்புதூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், மாட்டுக்கொட்டகையின் மூலையில் அது கிடந்தது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு சக்கரங்களும் மண்ணில் புதைந்திருந்தன. பின்னிருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. தரைத்தகடு துருவேறி உதிர்ந்திருந்தது. அவரோ அதன் முன்மூடியைத் தடவியபடியே வரலாறு சொல்லத் தொடங்கினார்.

1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த கார் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. உடற்பகுதிகளைத் தனித்தனியே செய்து, இரும்புச் சட்டகத்தின்மேல் போல்ட்டுகளால் பொருத்தினர். அதே சட்டகத்தைக் குறுக்கி அமைத்ததே 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் விளையாட்டுக் கார். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை வண்டலூரை அடுத்த ஆலையில் ஹெரால்டைச் செய்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. 1988இல் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றது. பத்தாண்டுகள் கழித்து, 1998இல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருண்டு வரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையில் இன்று புதுக் கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள் ஓடுகின்றன. அச்சாலையின் ஒரு முனையில் பிறந்த கார் கோழிக்கூடாய்க் கிடக்கிறது.

“இதில் அப்படி என்ன கண்டீர், தம்பி?” என்று கேட்டேன்.

“ஷிஃப்டு முழுக்க என் வேலை என்ன தெரியுமா சாமி? லைன்ல வர்ற ஒவ்வொரு பீஸையும் பார்த்து, ‘இது தேறாது’ன்னு சிவப்புத் தொட்டியில போடுறது. இருபது வருஷமா போட்டுட்டேன். ஒண்ணையாவது தேத்திப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு.”

என்னிடமிருந்த தீர்ப்பு அங்கேயே தளர்ந்தது.

தமிழில் ‘தேறுதல்’ என்பது எத்துணை விரிந்த சொல்! தேர்வில் மாணவன் தேறுகிறான். நோயுற்றவன் உடல் தேறுகிறான். துயருற்றவன் மனம் தேறுகிறான். தேறியதை ஏற்பது சோதனையாளரின் பணி. தேறாததைத் தேற்றுவது அன்பின் பணி. புனித தோமா அக்குவினாஸ் ஆழ்ந்த வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். மனித அன்பு ஒரு பொருளில் ஏற்கெனவே உள்ள நன்மையைக் கண்டு எழுகிறது. இறையன்போ பொருளில் நன்மையை ஊற்றிப் படைக்கிறது. நாம் நல்லவர்களாய் இருப்பதால் இறைவன் நம்மை அன்பு செய்யவில்லை. அவர் அன்பு செய்வதால் நம்மில் நன்மை உண்டாகிறது. துருப்பிடித்த தகட்டின் முன் மண்டியிட்டு, அது இன்னும் பெற்றிராத அழகுக்காக உழைப்பவன், அந்த இறையன்பின் மெல்லிய நிழலைத் தீண்டுகிறான் என்று சொல்லலாம். எரேமியா கண்ட குயவனும் கெட்டுப்போன கலத்தை வீசியெறியவில்லை; அதே களிமண்ணை மீண்டும் வனைந்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் கண்டித்த தூக்கியெறியும் பண்பாட்டிற்கு இத்தகைய உழைப்பு எளிய மறுமொழியாகும்.

எனினும், அந்த மனைவியின் கண்ணீருக்கு இது மறுமொழி ஆகுமா?

பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை ஊற்றியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாசு கேட்டான். கேட்டவன் தீயவன், ஆனால் கேள்வி தீயதன்று. மரியாவின் தாராளம் ஓர் ஆளுக்காக, அதுவும் சாவை எதிர்நோக்கியிருந்த ஆண்டவருக்காகச் செய்யப்பட்டது. கார் ஆளன்று. மகளின் கல்விக்கட்டணம் அவளுக்குச் சேர வேண்டிய நீதி. நீதியைத் தர வேண்டிய இடத்தில் இரக்கத்தை வேறெங்கோ செலவிடுபவன் பிறர் பணத்தில் தாராளம் காட்டுபவன் ஆவான்.

இதைவிட நுட்பமான இடர் ஒன்றும் உண்டு. கார் எதிர்த்துப் பேசாது. மன்னித்த தவற்றை மறுநாளே திரும்பச் செய்யாது. பழைய போல்ட்டு ஒன்றைக் கழற்ற மூன்று ஞாயிறு பொறுத்திருப்பவர், மகன் கணக்கில் தவறினால் மூன்று நிமிடம் பொறுப்பதில்லை. பொருளிடம் பழகிய பொறுமை மனிதரிடம் வந்து சேராவிடில், அது பொழுதுபோக்கேயன்றிப் புண்ணியமன்று.

இதை அவருக்குச் சொல்லத் தொடங்கியபோது, சொல் என்மேலேயே திரும்பியது. எங்கள் பங்கில் இளைஞன் ஒருவன் இருந்தான். ஒப்பந்தத் தொழிலாளி, ஒப்பந்தம் முடிந்து வேலையிழந்தபின் குடிக்கத் தொடங்கினான். பாடற்குழுவிற்குக் குடித்துவிட்டு வந்தான் என்று அவனை நீக்கினேன். “இவன் தேறமாட்டான்” என்று பலர்முன் சொன்னவனும் நானே. துருவேறிய தகட்டைக் காண இரண்டு மணிநேரம் செலவிட்ட நான், அவன் தங்கியிருந்த அறைக்கு ஒருமுறையும் செல்லவில்லை. தொழிற்சாலையில் சிவப்புத் தொட்டி இருப்பது முறை. பங்குக் கோவிலில் அது எப்படி வந்தது?

மறுசீரமைப்பு என்பது பழுதே நேராததுபோல் காட்டுவதன்று. ஐம்பது ஆண்டுகள் கடந்த பழம்பெரும் வாகனங்களைப் பதிவுசெய்ய 2021இல் நடுவணரசு வகுத்த விதிகள்கூட, அவற்றின் மூல வடிவம் காக்கப்பட வேண்டும் என்கின்றன. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டிய உடலில் காயத்தழும்புகள் இருந்தன. இறைவன் நம்மைத் தேற்றும்போது வேறொருவராக மாற்றிவிடுவதில்லை. நம் தழும்புகளோடு நம்மையே நமக்குத் திருப்பித் தருகிறார்.

கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்தனர்: முதலில் கட்டணம், கடன் கூடாது, எஞ்சியதில் இயன்றது. விற்றவர் தவணைக்கு இசைந்தார். வண்டி இப்போது அவர்கள் வீட்டருகே தார்ப்பாய்க்கடியில் நிற்கிறது. எஞ்சின் இன்னும் உயிர்பெறவில்லை. ஞாயிறு மாலைகளில் மகன் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான் என்று கேள்வி.

நான் அந்த இளைஞனைத் தேடிச் சென்றேன். முதல்முறை அவன் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தான், பேசவில்லை. மீண்டும் செல்வேன்.

அன்பு வாசகரே, உங்கள் இல்லத்திலோ தெருவிலோ, ‘தேறாது’ என்று நீங்கள் ஒதுக்கிவைத்தவர் யார்? நம்மைப் பற்றி இறைவன் அச்சொல்லை இன்றுவரை சொல்லவில்லை என்பதை நினைத்துக்கொண்டு, அவர் கதவைத் தட்டுங்கள்.